வீட்டுல மருந்து வச்சிருக்கீகளா?

என் மனைவி ஜெபராணிக்குக் கேள்வி கேட்பது மூச்சு விடுவது மாதிரி. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காரும் பெண் டிக்கெட் எடுத்து முடிப்பதற்குள், அவளுக்குச் சுகர் இருக்கிறதா, பிரஷர் இருக்கிறதா, மாமியார் எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் இவளுக்குத் தெரிந்துவிடும். எங்கள் கல்யாணப் பேச்சின்போது பெண் பார்க்கப் போனவன் நான்தான். ஆனால் கேள்வி கேட்டது அவள். "நான் ராத்திரி டூட்டி பாக்குறவ. காலையில யாரு சோறு வைப்பா?" என்றாள். நான் கணக்கு வாத்தியார், எதையும் படிப்படியாக எழுதிப் பழகியவன். அன்றைக்கு மட்டும் படிகளை விட்டுவிட்டு "நான் வைப்பேன்" என்று நேராக விடைக்குப் போய்விட்டேன். அன்று முதல் ஆமத்தூரில் எங்கள் வீட்டு உலை என் பொறுப்பு.

அப்படிப்பட்டவளிடம் ஒரு பல்கலைக்கழகம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னது. அவளுக்கு அது வரவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அவளிடம் விட்டால் வேறு மாதிரி சொல்வாள், அதனால் நான் முந்திக்கொள்கிறேன்.

ஜெபராணி சிவகாசிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டிப்ளமோ படித்தவள். வேலையில் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேலாகியும் நைட் டூட்டி அவளை விடவில்லை. ஊர் தூங்கும்போது விழித்திருந்துவிட்டு, ஊர் விழித்த பிறகு தூங்க வேண்டும். பக்கத்து வீட்டு மிக்சி, தெருவில் மீன் விற்பவரின் ஒலிபெருக்கி, ஞாயிற்றுக்கிழமையென்றால் சர்ச் மணி என்று ஒன்று மாற்றி ஒன்று அவளை எழுப்பிவிடும். விருதுநகரில் ஒரு நர்சிங் பள்ளியில் பாடம் நடத்த ஆள் தேடினார்கள். பகல் வேலை, ஞாயிறு விடுமுறை. ஆனால் டிப்ளமோ போதாது, பட்டம் வேண்டும் என்றார்கள்.

அந்தப் பட்டத்துக்காகத்தான் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தாள். நடுவில் ஒரு பிரசவம், பிறகு அவள் அப்பாவின் வியாதி என்று விட்டு விட்டுப் படித்ததில், பல்கலைக்கழகம் கொடுத்த கால அவகாசமே முடிகிற நிலைக்கு வந்துவிட்டது. பரீட்சையெல்லாம் தேறியாயிற்று. மிச்சம் ஒரு ஆய்வுக் கட்டுரை. அதற்கு முதலில் ஆய்வுக் கேள்வியை ஒரு குழுவிடம் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த மாதத்துக்குள் ஒப்புதல் கிடைக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும், தேறிய பரீட்சைகளும் அதோடு போய்விடும். பிறகு வேலையை விட்டு நிற்கிற நாள்வரைக்கும் நைட் டூட்டிதான்.

கட்டுரைக்கு வழிகாட்டியாக ரீனா என்ற உதவிப் பேராசிரியரைப் போட்டிருந்தார்கள். ஜெபராணியைவிடப் பதினைந்து வயது சின்னவள். "அக்கா, அக்கா" என்று சிரித்துக்கொண்டே தலையில் குட்டுவாள்.

ஜெபராணி முதலில் எழுதி அனுப்பியது இது: 'சிவகாசி வட்டாரப் பெண் தொழிலாளர்களின் உடல்நலம், ஓர் ஆய்வு.'

ரீனா போனில் வந்தாள். "அக்கா, தலைப்பு நல்லா இருக்கு. கேள்வி எங்க?"

ஜெபராணி யோசித்தாள். அதே வரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறியைப் போட்டுத் திருப்பி அனுப்பினாள். அதைப் பார்த்துவிட்டு நான் சிரித்த சிரிப்புக்கு அன்று ராத்திரி எனக்குக் குழம்பு ஊற்ற ஆளில்லை. குழம்பு வைத்தவனும் நான்தான் என்பது வேறு விஷயம்.

அடுத்து, 'சிவகாசி வட்டாரப் பெண் தொழிலாளர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்களா?' என்று எழுதினாள். ரீனா கேட்டாள்: "எந்த ஊருப் பெண்கள்? என்ன வேலை பாக்குறவங்க? ஆரோக்கியம்னா எதை அளக்கப் போறீங்க? ஒருத்தர் 'இருக்கோம்'னு ஒரே வார்த்தையில சொல்லிட்டுப் போயிட்டா, மிச்சப் பக்கத்துல என்னக்கா எழுதுவீங்க?"

ஜெபராணிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தினமும் வயிறெரியப் பார்க்கிற ஒன்றையே எடுத்துக்கொண்டாள். சர்க்கரை நோய்க்காரப் பெண்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. சர்க்கரை ஏறி, கால் புண்ணாகி வந்து நிற்பார்கள். உட்கார்ந்து எழுதினாள்: 'பட்டாசுத் தொழிலில் உள்ள பெண்கள் அக்கறையின்மையால் மருந்தை எவ்வாறு அலட்சியம் செய்கிறார்கள்?'

"இது கேள்வி இல்லக்கா, தீர்ப்பு," என்றாள் ரீனா. "விடையையும் நீங்களே சொல்லிட்டீங்க, பழியையும் நீங்களே போட்டுட்டீங்க. இதுக்கு எதுக்கு ஆய்வு? ஒரு தடவை போய் அந்த ஆளுங்ககிட்டப் பேசிப் பாருங்க. கேள்வி அங்கதான் இருக்கும்."

போனை வைத்ததும் ஜெபராணி என்மேல் பாய்ந்தாள். "இருபது வருஷமா பாக்கேன். ஆளுகள எனக்குத் தெரியாதாங்க? அந்தப் பிள்ள பள்ளிக்கூடம் போகையிலயே நான் ஊசி போட்டுக்கிட்டிருந்தவ!" ஆனாலும் போவதென்று முடிவு செய்தாள். மாதம் முடிய ரொம்ப நாள் இல்லை.

போவதற்கு முன்னால் என்ன கேட்பது என்று உட்கார்ந்து யோசித்தாள். 'மாத்திரை சாப்பிடுகிறீர்களா' என்று கேட்டால் இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் விடுபட்டுப் போவார்கள். ஆகவே எல்லாவற்றுக்கும் பொதுவாக 'மருந்து' என்று கேட்பதே சரி என்று தீர்மானித்தாள். நானும் தலையாட்டினேன். இதில்தான் வினை இருந்தது.

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் சாயங்காலம் கம்பெனி பஸ்கள் வந்து ஆட்களை இறக்கிவிடும் இடத்தில் போய் நின்றோம். ஆடி முடிந்து தீபாவளி ஆர்டர் சூடு பிடித்திருந்த சீசன். இறங்குகிறவர்களெல்லாம் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருந்தார்கள். ஜெபராணி அங்கிருந்து நேராக டூட்டிக்குப் போக வேண்டும் என்பதால் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல். நான் கொஞ்சம் தள்ளி பைக்கில் சாய்ந்து நின்றேன்.

இறங்கிய முதல் பெண்ணை மறித்தாள். "அம்மா, ஒரு நிமிசம். மருந்து எடுக்கீகளா?"

அந்தப் பெண் கோட்டைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், ஃபைலைப் பார்த்தாள். "மருந்தா? நான் எடுக்கதில்லம்மா."

"என்னைக்காவது ஒருநாள்?"

"ஒருநாளும் இல்ல. நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்."

அடுத்தவளிடம் போனாள். "வீட்டுல மருந்து வச்சிருக்கீகளா?"

"ஆத்தாடி! ஒரு குன்றிமணிகூடக் கிடையாது. சந்தேகம்னா வந்து பாத்துக்கோங்க."

"இல்லம்மா, பிள்ளைக கைக்கு எட்டுற மாதிரி வச்சிருக்கக் கூடாதுல்ல, அதுக்காகக் கேட்டேன்."

"என் பிள்ளைக ரெண்டும் பள்ளிக்கூடத்துக்குப் போகுதுக தாயி. அதுகள இதுல இழுக்காதீக," என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள்.

இருட்டும்வரை கேட்டாள். ஒருத்திகூட மருந்து எடுப்பதாகச் சொல்லவில்லை. பைக்கில் ஏறியதும் என் முதுகில் தட்டித் தட்டிச் சொன்னாள்: "பாத்தீகளா? ஒருத்தியும் மருந்து எடுக்கல! அதையும் எம்புட்டுத் தைரியமாச் சொல்லுதாக பாருங்க!" வெறும் வாயை மெல்லுகிறவளுக்கு அவல் கிடைத்துவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதுமே ரீனாவுக்குப் போன் போட்டாள்.

ரீனா கேட்டுவிட்டு, "எல்லாருமே இல்லைன்னு சொன்னாங்களா? ஒருத்தர்கூட விடாமலா?" என்றாள்.

"ஒருத்தர்கூட விடாம!"

"அக்கா, எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னா, கோளாறு ஆளுங்ககிட்ட இருக்காது. நாம கேட்டதுல இருக்கும். நாளைக்கு இன்னொரு தடவை போங்க."

மறுநாள் போனோம். பஸ் அந்த நிறுத்தத்துக்கு வரவேயில்லை. முந்தைய தெருமுனையிலேயே ஆட்களை இறக்கிவிட்டு நின்றது. இறங்கியவர்கள் எங்களைப் பார்த்ததும் வேறு சந்து வழியாகப் போனார்கள். என்னவென்று புரியாமல் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோது ஒருவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் இரண்டு கலர் சோடா பாட்டில். உக்கிரபாண்டி, அந்த ஆட்கள் வேலை பார்க்கிற கம்பெனியின் ஃபோர்மேன்.

"கலர் குடிங்க மேடம். சாரும் குடிங்க," என்றார். எங்களைக் குடிக்க வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். "மேடம் எந்த ஆபீஸு? முன்னாடியே சொல்லியிருந்தா கம்பெனியிலயே உக்கார வச்சு எல்லாத்தையும் காட்டியிருப்போம்ல? ரோட்டுல நின்னுக்கிட்டு இருக்கீக. எங்ககிட்ட எல்லாம் ரூல்ஸ்படிதான். மருந்து ரூமுக்குள்ள பொம்பளையாளுகள விடுறதில்ல. வீட்டுக்கு மருந்து குடுத்தனுப்புற பழக்கம் எங்க மொதலாளிக்கு அறவே ஆகாது."

ஜெபராணிக்குக் குடித்துக்கொண்டிருந்த கலர் புரை ஏறிவிட்டது.

"அண்ணே, நான் கேட்டது சுகர் மருந்து!"

உக்கிரபாண்டி கொஞ்சநேரம் யோசித்தார். "சுகர்லயும் மருந்து செய்ய ஆரம்பிச்சிட்டாகளா மேடம்? எந்த ஐட்டத்துக்குப் போடுதாக, மத்தாப்புக்கா?"

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் 'மருந்து' என்றால் அது வெடிமருந்து. பட்டாசுக்குள் போகிற பொடி. அதை வீட்டில் வைத்திருப்பது போலீஸ் கேஸ். பிள்ளைகள் கைபட்டால் அதைவிடப் பெரிய கேஸ். கோட்டும் அட்டையுமாக ஒருத்தி ரோட்டில் நின்று, "வீட்டுல மருந்து வச்சிருக்கீகளா, பிள்ளைக தொடுதா" என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்? இது ஆமத்தூரில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். எனக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெபராணியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். கேட்டதெல்லாம் வீண், ஒரு சாயங்காலமும் போச்சு, கெடு இன்னும் நெருங்கிவிட்டது என்று அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

உக்கிரபாண்டி நல்ல மனுஷர். விஷயம் புரிந்ததும் சந்துப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏத்தா, எல்லாரும் இங்கன வாங்க! செக்கிங் இல்ல, நர்ஸம்மா! சுகர் மாத்திரையப் பத்திக் கேக்க வந்திருக்காக!"

சந்துக்குள்ளிருந்து ஒருவர் பின் ஒருவராகத் தலைகள் எட்டிப் பார்த்தன. அப்புறம் சிரிப்புச் சத்தம். முன்னால் வந்தவர் இருளம்மாள், ஐம்பது வயதிருக்கும். "அத மொதல்லயே சுகர் மாத்திரைன்னு கேட்டா என்ன தாயி? நேத்து ராத்திரி எங்க தெருவே தூங்கல," என்றார்.

"தெளிவாக் கேளுங்க நர்ஸம்மா," என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். "வெறும் மாத்திரைன்னாலும் ஆபத்து. நாங்க பாம்பு மாத்திரையும்லா போடுறோம்." தீபாவளிக்குப் பற்ற வைத்தால் கறுப்பாக நெளிந்து நெளிந்து வளருமே, அந்த மாத்திரை. எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். இந்தத் தடவை ஜெபராணியும் சேர்ந்து சிரித்தாள்.

அப்புறம்தான் பேச்சு பேச்சாக நடந்தது. கல்லைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

"சுகர் மாத்திரை எப்பெப்பப் போடுவீக?" என்று ஜெபராணி இருளம்மாளிடம் கேட்டாள்.

"காலையில போட்டுட்டுத்தான் பஸ் ஏறுவேன். ராத்திரி போட்டுட்டுத்தான் படுப்பேன்."

"மத்தியானம்? மூணு வேளைக்கும்தான எழுதியிருப்பாக?"

"மத்தியானமா?" என்று இருளம்மாள் இழுத்தார். "மத்தியானம் யாரு போடுவா?"

எனக்கே கேட்டது, ஜெபராணி மூச்சை இழுத்த சத்தம். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஏன் போட மாட்டீக?" என்று மட்டும் கேட்டாள்.

"பைய வாசல்ல வாட்ச்மேன்கிட்டக் குடுத்துட்டுத்தான உள்ள போறோம். சோத்துத் தூக்குவாளி மட்டுந்தான் கூட வரும். மாத்திரை பைக்குள்ள கெடக்கும்."

பக்கத்திலிருந்த கற்பகவல்லி குறுக்கே வந்தாள். அவள் வேறு கம்பெனி. "எங்ககிட்டப் பையெல்லாம் கொண்டு போலாம். இருந்தாலும் நான் போடுறதில்ல. இந்தக் கையப் பாருங்க." விரல் ரேகைகளில் பட்டாசுக்குச் சேர்க்கும் அலுமினியப் பொடி வெள்ளியாக மினுங்கியது. "எம்புட்டுத் தேச்சாலும் முழுசாப் போகாது. சோத்தையே கரண்டியால அள்ளிப் போட்டுக்கிடுவேன். இந்தக் கையால மாத்திரையப் பிச்சு வாயில போட மனசு வரலக்கா."

அப்படியானால் கையும் சுத்தம், பையும் கூட இருக்கிறது என்றால் போடுவார்கள்தானே? பாம்பு மாத்திரைக்காரி பெட்டியில் லேபிள் ஒட்டுகிற வேலைக்கு மாறி ஒரு வருஷம் ஆகிவிட்டதாம். கையில் ஒரு பொடியும் படாது, பையும் பக்கத்திலேயே இருக்குமாம். ஜெபராணி அவளிடமும் கேட்டாள். அவள் கொஞ்சம் வெட்கப்பட்டு, "நானும் போடுறதில்லக்கா. ஏன்னு தெரியல. காலையில தோணுது, ராத்திரி தோணுது. மத்தியானம் தோணவே மாட்டேங்குது," என்றாள்.

ஜெபராணி எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

டூட்டிக்குக் கொண்டுபோய் விடுகிற வழி முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை. அப்படி ஒரு அமைதியை எங்கள் பைக் அதுவரை கண்டதில்லை. ஆஸ்பத்திரி பக்கத்தில் வந்ததும்தான் பேசினாள். "ஏங்க, காலையிலயும் ராத்திரியும் கரெக்டாப் போடுறவளப் போயி அலட்சியம்னு எப்படிச் சொல்ல? அப்ப மத்தியானம் மட்டும் என்னதான் ஆகுது?"

"இத அப்படியே எழுதி அனுப்பு," என்றேன். கணக்கு வாத்தியாருக்குக்கூடப் புரிகிற அளவுக்குத் தெளிவாக இருந்தது அது.

மறுநாள் பகலில் தூங்காமல் உட்கார்ந்து எழுதினாள். 'விஸ்வநத்தத்தில் பட்டாசு வேலைக்குப் போகும் சர்க்கரை நோயுள்ள பெண்கள், காலை, இரவு மாத்திரைகளைத் தவறாமல் எடுத்துக்கொண்டு மதிய மாத்திரையை மட்டும் விட்டுவிடுவது ஏன்?' எழுதிவிட்டு அவளுக்கே சந்தேகம். ரீனாவிடம், "குண்டுச்சட்டிக்குள்ள குதிர ஓட்டுற மாதிரி இருக்கே ரீனா. ஒரே ஊரு, ஒரே நோயி, அதுலயும் ஒரே வேளை," என்றாள்.

"ஓட்டுங்கக்கா," என்றாள் ரீனா. "மைதானத்துல விட்டீங்க, குதிரை எங்க போச்சுன்னே தெரியல. சட்டிக்குள்ளன்னா கண்ணு முன்னாடியே நிக்கும்."

குழுக் கூட்டம் சனிக்கிழமை காலை, கணினி வழியாக. தையல் மிஷின்மேல் லேப்டாப்பை வைத்து, பின்னால் காலண்டர் தெரியாதபடி திருப்பி, பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்தாள். நான் குக்கர் விசில் வந்துவிடக் கூடாதே என்று அடுப்பையே அணைத்துவிட்டு அடுப்படி வாசலில் நின்றேன். திரையில் ரீனா இருந்தாள். நடுவில் பேராசிரியர் சீனிவாசகம். மூன்றாமவர் முகத்தைக் காட்டவில்லை, கடைசிவரை ஒரு வட்டமாகவே இருந்தார்.

சீனிவாசகம் கேள்வியை ஒருமுறை சத்தமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "ரொம்பச் சின்ன விஷயமா இருக்கேம்மா. மதிய மாத்திரையைப் போடல. காரணம் அலட்சியம்தானே? இதுல ஆராய என்ன இருக்கு?"

இரண்டு வாரத்துக்கு முன்னால் அவளே சொன்ன வார்த்தை அது. ஆமாம் சார் என்று தலையாட்டிவிட்டால் கேள்வி செத்தது, பட்டமும் போச்சு. இல்லை என்றால் காரணத்தைச் சொல் என்பார்.

ஜெபராணி சேலையைச் சரி செய்துகொண்டு சொன்னாள்: "தெரியாது சார்."

"தெரியாதா?"

"தெரியாது சார். பை வாசல்ல இருக்குதுன்னு ஒருத்தங்க சொன்னாங்க. பை பக்கத்துல இருக்கிறவங்களும் போடல. கையில பொடி இருக்குதுன்னு ஒருத்தங்க சொன்னாங்க. கை சுத்தமா இருக்கிறவங்களும் போடல. அலட்சியம்னா மூணு வேளையும்தான விடணும்? போன மாசம் நீங்க கேட்டிருந்தா தெரியும்னு சொல்லியிருப்பேன் சார். இப்பத் தெரியல."

சீனிவாசகம் அசையவில்லை. கண்ணாடியைப் பாதி தூக்கின கையோடு அப்படியே இருந்தார். கோபமா, யோசனையா? பார்த்தால் ரீனாவும் அசையவில்லை. நெட் போய்விட்டது.

திரைக்குள் அசையாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு பேராசிரியரை நாங்கள் இரண்டு பேரும் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோமோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். ஜெபராணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வீட்டுக்கூரையில் இருக்கிற டவரைப் போய் அசைக்க முடியுமா என்றுகூட யோசித்தேன், எங்கள் கூரையில் டவரே இல்லாவிட்டாலும்.

திடீரென்று குரல் பாதியிலிருந்து வந்தது. "...அதனால அதுல ஒரு எழுத்தையும் மாத்த வேண்டாம்."

"சார், முன்னாடி சொன்னது கேக்கல!" என்று கத்தினாள் ஜெபராணி.

"ஒப்புதல் குடுத்தாச்சும்மான்னு சொன்னேன். எனக்கும் தெரியல. போய்க் கேட்டுட்டு வந்து சொல்லுங்க," என்றார் சீனிவாசகம். ரீனா இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். வட்டமும் ஒருமுறை மின்னியது.

ஜெபராணி லேப்டாப்பை மூடினாள். என் சந்தோஷத்தை மறைக்க நான் அடுப்பைப் பற்ற வைக்கப் போனேன். பட்டுச்சேலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி பின்னாலேயே வந்தாள்.

"இருபது வருஷமா எல்லாத்துக்கும் தெரியும் தெரியும்னு சொன்னேன். நைட் டூட்டிதான் போட்டாக. இன்னைக்கு ஒரே ஒரு தடவ தெரியாதுன்னு சொன்னேன், பகல் வேலைக்கு வழி விட்டுட்டாகங்க!"